அதிதி ஆசிரியர்களை நம்பி இன்னும் எத்தனை நாள்?

பெங்களூர்: கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டுக்கென்று சுமார் 51,000 தற்காலிக ஆசிரியர்களை நியமித்துக் கொள்ள மாநில அரசு அனுமதி வழங்கியது. இவர்களில் சுமார் 40,000 பேர் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும், ஏறத்தாழ 11,000 பேர் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒதுக்கப்பட்டனர். செய்தியை மேலோட்டமாகப் படிப்பவர்களுக்கு, இத்தனை பேருக்கு வேலை கிடைத்ததே என்று மகிழத் தோன்றும். ஐம்பதாயிரம் பேரைத் தற்காலிகமாக அழைக்க வேண்டியிருக்கிறது என்றால், ஐம்பதாயிரம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்பதுதானே பொருள்?

கன்னடத்தில் இவர்களை "அதிதி சிக்ஷகரு" என்கிறார்கள். அதிதி என்றால் விருந்தாளி. விருந்தாளி இரண்டு நாள் தங்கிப் போவார். இந்த விருந்தாளிகளோ ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். ஜூன் மாதம் வந்து, கோடை விடுமுறைக்கு முன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அடுத்த ஜூனில் அழைப்பு வருமா, வந்தாலும் அதே பள்ளிக்கா என்பது அவர்களுக்கே தெரியாது.

சம்பளமா, சன்மானமா?

2025-26 பட்ஜெட்டில் இவர்களுடைய கௌரவ ஊதியம் மாதத்துக்கு 2,000 ரூபாய் உயர்த்தப்பட்டது. அதன்படி தொடக்கப் பள்ளி அதிதி ஆசிரியருக்கு 12,000 ரூபாய்; உயர்நிலைப் பள்ளியில் 12,500 ரூபாய். மாநில அரசின் 7-வது ஊதியக் குழுப் பரிந்துரை 2024 ஆகஸ்டு முதல் அமலுக்கு வந்தது. அதன்படி கடைநிலை ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே 27,000 ரூபாய். ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பில் நின்று பாடம் சொல்பவர் அதில் பாதிகூடப் பெறவில்லை. விடுமுறை மாதங்களில் அதுவும் இல்லை.

நம் தாய்மாநிலத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலிய பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராடி வந்தது வாசகர்கள் அறிந்ததே. இது உலகம் முழுவதற்குமான பிரச்சினையும்கூட. 2030-க்குள் உலகில் மேலும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்று யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

பணிநிரந்தரம் ஏன் கிடைப்பதில்லை? 2006 ஏப்ரல் 10-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே முக்கியக் காரணம். அந்த வழக்கு நம் கர்நாடகத்திலிருந்து சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. முறையான போட்டி வழியாக வராத தற்காலிக ஊழியர் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்று அந்தத் தீர்ப்பு வரையறுத்தது. பின்வாசல் நியமனங்களைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் முன்வாசலைத் திறக்காமல் வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

முன்வாசல் திறந்தபோதும் உள்ளே நுழைவது எளிதாக இல்லை. 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கான 15,000 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கு 2022-ல் தேர்வு நடந்தது. திருமணமான பெண்கள் தந்தையின் வருமானச் சான்றைக் காட்டுவதா, கணவரின் சான்றைக் காட்டுவதா என்ற தகராறு கோர்ட்டுக்குப் போயிற்று. தேர்வானவர்கள் வகுப்புக்கு வந்து சேர மறு ஆண்டு ஆகிவிட்டது.

முன்கூட்டியே தெரிந்த காலியிடம்

அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஊழியர் பணியில் சேரும் அன்றே சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி ஏறிவிடுகிறது. இம்மாநிலத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 60. ஆகவே எந்த ஆசிரியர் எந்த ஆண்டு, எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது முப்பது வருடத்துக்கு முன்பே கணக்கில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் திடீரென்று பற்றாக்குறை வந்துவிட்டதைப் போலப் பேசுவது விந்தையாக இருக்கிறது.

ரயில்வேயில் "லீவ் ரிசர்வ்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. லீவு, நோய், பயிற்சி ஆகியவற்றால் ஆள் குறைவது சகஜம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென்று கூடுதல் பணியிடங்களை ஆரம்பத்திலேயே சேர்த்து வைப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் லீவில் போனால் ரிலீவிங் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பொறுப்பேற்பார். அவரும் நிரந்தர ஊழியர்தான். பெற்ற பயிற்சியும் அதேதான். கொடி காட்ட ஆளில்லை என்று வண்டியை நிறுத்தி வைக்க முடியாது அல்லவா? பள்ளிக்கூடத்திலோ ஆசிரியை பிரசவ விடுப்பில் போனால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறார்கள். வண்டி நின்றால் பயணிகள் கூச்சல் போடுவார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கூச்சல் போட்டால் அதை யாரும் புகாராக எடுத்துக்கொள்வதில்லை.

இருக்கிற ஆசிரியரும் வகுப்பில் இருக்க முடிவதில்லை. 2025 செப்டம்பர் 22-ல் தொடங்கிய மாநில சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களே வீடு வீடாகச் சென்றார்கள். வேலை முடியாததால் அரசு மற்றும் மானியப் பள்ளிகளின் தசரா விடுமுறையை அக்டோபர் 18 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மத்திய அரசின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ, பத்தாண்டுக்கொருமுறை வரும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆசிரியர்களை வெளியே அழைக்கலாம் என்கிறது. ஒரு பள்ளியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்பதும் அதே 2009-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுதான்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு இரட்டை அடி

பொதுவான இந்த நோய் நம் தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் கூடுதலாகத் தாக்குகிறது. 1809-ல் கண்டோன்மென்ட் அமைந்தது முதலே இந்நகரில் தமிழ் மக்கள் திரளாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-லேயே ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தமிழில் படித்து மில்லிலும் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் வேலைக்குப் போன தலைமுறை ஒன்று இருந்தது.

கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றால் இன்னொரு கணக்கு வாத்தியாரைத் தேடலாம். தமிழ் வாத்தியார் ஓய்வு பெற்றால் அப்படியல்ல. தமிழில் பயிற்சி பெற்று, கன்னடமும் அறிந்து, இம்மாநிலத் தகுதிகளையும் உடைய ஒருவர் 12,000 ரூபாய்க்கு எளிதில் அகப்பட மாட்டார். மானியப் பள்ளி என்றால் காலியிடத்தை நிரப்ப அரசின் நிதி ஒப்புதல் வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இதற்கிடையில் தமிழ் வகுப்பு நின்றுபோகும். நின்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் வருவார்களா? பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே ஆசிரியர் தேவையில்லை என்று மறு ஆண்டு கோப்பில் எழுதப்படும். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாததால் ஆசிரியர் இல்லை. செக்கு மாடு போல இதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. ஏட்டில் இருக்கும் வசதிக்கு உயிர் கொடுப்பவர் ஆசிரியர்தான். கன்னடம் கற்பதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. 2015-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் ஒரு மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். இங்கே பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது அவசியமே. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழியாகத் தமிழை எடுத்துக்கொண்டு கன்னடத்தையும் படிக்க வழி இருக்கிறது. கேள்வி, அந்த வழியில் ஆசிரியர் நிற்கிறாரா என்பதே.

மனப்போக்கும் மாறிவிட்டது

பழியை அரசின் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. தாய்மொழியில் அல்லது கன்னடத்தில்தான் முதல் நான்கு வகுப்புகள் என்ற 1994-ம் ஆண்டு அரசாணை நீண்ட வழக்குக்குப் பின் 2014 மே 6-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பயிற்று மொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை என்றாயிற்று. மாநில அரசே 2019-20 முதல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போகும் தாயும் கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்டுகிறாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆசிரியர் நிரந்தரமாக இருக்கும் பள்ளியைத்தான் அவள் தேடுகிறாள்.

வாத்தியார் மீதிருந்த மரியாதையும் குறைந்து வருகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ஆசிரியர் பாடம் சொன்ன காலத்தில் அவருக்குக் குடும்பமே தெரியும். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்பார். வருடத்துக்கொருவர் மாறும்போது அந்த உறவு எப்படி வளரும்? இவர் மார்ச்சில் போய்விடுவார் என்பது பிள்ளைக்கும் தெரிகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஓய்வுக் கணக்கை முன்வைத்து ஆண்டுதோறும் தேர்வு நடத்தி, ஜூன் பிறக்கும் முன் நியமன உத்தரவு தர வேண்டும். இரண்டாவதாக, தாலுகா தோறும் லீவ் ரிசர்வ் ஆசிரியர்கள் வேண்டும். மூன்றாவதாக, அதிதி ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் தவறாமல் ஊதியம் தந்து, அவர்களுடைய அனுபவத்துக்குத் தேர்வில் மதிப்பெண் அளிக்கலாம். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, காலியிடங்களை மொழிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் தமிழ் ஆசிரியர் இடம் மறைந்ததே வெளியில் தெரியாமல் போகும்.

நம் பங்கும் இருக்கிறது. பள்ளி வளர்ச்சிக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் போக வேண்டும். தமிழ் வகுப்பு வேண்டுமென்று வாயால் கேட்பதோடு நில்லாமல் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும். கோப்பில் ஏறாத கோரிக்கைக்குப் பதில் வராது. சேர்க்கைக் காலம் வருவதற்குள் இதைச் செய்தால், ஜூன் மாதத்தில் வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஒருவர் உள்ளே இருப்பார்.