சடை இருக்கட்டும், தலையைக் கழுவுங்கள்

"மூணு மாசத்துக்குத் தலையில தண்ணியே படக்கூடாதாம் மாப்ள" என்றான் என் அறை நண்பன். சொன்ன தோரணையைப் பார்த்தால் ஏதோ விரதம் எடுத்தவன் மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். போன செமஸ்டர் லீவு முடிந்து வந்தபோது நம்ம ஆள் தலை முழுக்கச் சடையோடு வந்து இறங்கினான். பூ வைத்துப் பின்னும் சடை இல்லை, பாப் மார்லி சடை. ட்ரெட்லாக்ஸ் என்கிறார்கள். சலூனில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து போட்டதாம். செலவு எங்கள் ஒரு மாத மெஸ் பில்லைத் தாண்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஹாஸ்டலில் இரண்டு நாளைக்கு அவன்தான் ஹீரோ.

இரண்டாவது வாரம் பேனா மூடியால் தலையைச் சொறிய ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் தலையணை நாறியது. நான்காவது வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஐந்தாவது வாரம் பிடரியில் சின்னச் சின்னக் கொப்புளம், தொட்டால் வலி. நான்தான் இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். வழி முழுக்க "மொட்டை அடிக்கச் சொல்லிருவாரோ" என்று புலம்பிக்கொண்டே வந்தான். டாக்டர் மொட்டை பற்றிப் பேசவே இல்லை. "எத்தனை நாளாச்சு தலை குளிச்சு?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

நாங்கள் காமர்ஸ் மாணவர்கள் என்பதால் எங்கள் பாஷையில் சொல்கிறேன். மூலதனச் செலவு செய்தான், பராமரிப்புச் செலவு செய்யவில்லை. அவ்வளவுதான் கதை.

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த நாற்றம் எனக்குப் பழக்கமான நாற்றம். என் அப்பத்தாவின் தலையில் வந்தது.

நான் ஐந்தாவது படிக்கும்போது தாத்தா இறந்துபோனார். அப்பத்தா நாலைந்து மாதம் மூலையில் படுத்தே கிடந்தது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடும், இல்லையென்றால் இல்லை. தலை சீவவில்லை, யாரும் சீவிவிடவும் இல்லை. ஒருநாள் பார்த்தால் பின்னந்தலையில் முடி கட்டியாகித் திரண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "சடை விழுந்திருக்கு, அம்மன் வந்திருக்கா, கைய வச்சிராதீங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீடு இரண்டு கட்சியானது. அப்பா வெட்டும் கட்சி. பெரிய அத்தை தொடாதே கட்சி. வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. அந்த வருஷங்களில் அப்பத்தா கொண்டை ஊசியை நுழைத்துச் சொறிந்துகொண்டே இருந்தது. அதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். "அரிக்குதா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அரிக்கிறது என்று அதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அம்மனைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சடையைப் பற்றி நாம் எப்போதும் வெட்டலாமா வேண்டாமா என்றே சண்டை போடுகிறோம். சடைக்குக் கீழே ஒரு தோல் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவதில்லை. சடை சாமியுடையதாக இருக்கட்டும், ஸ்டைலாக இருக்கட்டும். தோல் அந்த மனிதருடையது. அது கழுவப்பட வேண்டும்.

சடை எப்படி உண்டாகிறது? ஒவ்வொருவருக்கும் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம். சீப்பு போட்டால் அது சீப்போடு வரும். சீவாவிட்டால் பக்கத்து முடியில் சிக்கி அங்கேயே தங்கும். வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள், 18,250 முதல் 36,500 முடி. வெளியே போகாத சரக்கு எல்லாம் கிடங்கில் சேர்வது மாதிரிதான். சுருட்டை முடிக்காரர்களுக்குச் சீக்கிரம் திரளும், நேர் முடிக்கு நாளாகும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, அசிங்கமும் ஒன்றுமில்லை.

ஆனால் அடியில் தோல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். எண்ணெய்ப் பசை சுரக்கும், வியர்க்கும், செதில் உதிரும். நம் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் குடியிருக்கிறது. அந்த எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. கழுவாவிட்டால் பொடுகு, அரிப்பு. சொறிந்தால் புண். புண்ணில் கிருமி. என் நண்பன் ஐந்து வாரத்தில் போன பாதை இதுதான்.

"ஜமைக்காவில் கழுவ மாட்டார்களாமே?" என்பார்கள். அது வெளியாட்கள் கட்டிய கதை. 1930-இல் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி முடிசூடிய பிறகு ஜமைக்காவில் ரஸ்தஃபாரி இயக்கம் பிறந்தது. அவர்கள் சடைக்கு ஆதாரமாகக் காட்டுவது பைபிளில் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதத்தை. அங்கே தடை சவரக் கத்திக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. ரஸ்தாக்கள் தலையைக் கழுவுகிறவர்கள்தான். பாப் மார்லி படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு குளிக்காமல் திரிவது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு.

சரி, எப்படிக் கழுவுவது? டாக்டர் சொன்னதையும் நண்பனுக்கு நாங்கள் செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாரம் ஒரு முறையாவது தலைக்குக் குளிக்க வேண்டும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, மூக்கு வைத்த பாட்டிலில் ஊற்றி, சடைகளுக்கு நடுவே தெரியும் தோலில் விட வேண்டும். விரல் நுனியால் தேய்க்கலாம், நகம் வேண்டாம். சடையைத் தனியாகத் தேய்க்கத் தேவையில்லை, வழியும் நுரையே போதும். சடையைப் பிழிந்தால் நுரை வராமல் வெறும் தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். சாதாரணத் தலைக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். புதிதாகப் போட்ட சடை பிரிந்துவிடும் என்று பயந்தால், மெல்லிய வலைத் துணியைத் தலையில் கட்டி அதற்கு மேலேயே ஷாம்பூ விட்டுக் கழுவலாம்.

சீயக்காய்த் தூளையும் அரப்பையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். சாதாரண முடியில் சீப்பு எடுத்துவிடும். சடைக்குள் போன தூள் வெளியே வராது. கெட்டியான மெழுகு, ஜெல் எல்லாம் இதே கேஸ்தான். எண்ணெய் வேண்டுமென்றால் சில சொட்டு, தோல் வறண்டிருந்தால் மட்டும். பொடுகு இருக்கும்போது கைநிறையத் தேங்காய் எண்ணெய் வைப்பது அந்த ஈஸ்டுக்கு விருந்து வைப்பது.

முக்கியமானது காயவைப்பது. காலையில் குளித்து, துண்டால் அமுக்கிப் பிழிந்து, வெயிலிலோ மின்விசிறிக்குக் கீழேயோ உள்வரை காய விட வேண்டும். ஈரத்தோடு கொண்டை போடக் கூடாது, தூங்கவும் கூடாது. மூடிவைத்த ஈரத் துணியில் என்ன வாடை வருமோ அதேதான் சடையிலும் வரும்.

இன்னொன்று. வேரை இறுக்கி முறுக்கித் தருகிறேன் என்று சலூனில் சொல்வார்கள். வலித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோரத்தில் முடி கொட்டும். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும், வருஷக்கணக்கில் இழுத்தால் முளைக்காது. புண், சீழ், காய்ச்சல் என்று போனால் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். என் நண்பனுக்கு ஒரு மாத்திரையும் கீடோகோனசோல் ஷாம்பூவும் கொடுத்தார். சரியாகிவிட்டது. சடை இன்னும் இருக்கிறது. வாசனை இல்லை.

இப்போது அந்த இரண்டு கட்சிக்கு வருவோம்.

தொடாதே கட்சிக்கு முதலில். முடியில் ரத்தம் ஓடவில்லை, நரம்பும் இல்லை. வெட்டினால் ரத்தம் கொட்டும், கண் போகும் என்பதெல்லாம் நம்ம ஊர்ப் பயம் மட்டுமில்லை. போலந்திலும் இதே சடைக்கு இதே பயம் பல நூற்றாண்டு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கிராகோவ் நகரத்து மருத்துவர் யூசெஃப் டீட்டல் சடைக்காரர்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். சடைக்கு வரி போடப் போகிறார்கள் என்று வதந்தி பரவி, அதிலேயே நிறையச் சடை காணாமல் போனதாம். (வரி என்றால் அம்மனும் இறங்கிவிடுவாள் போல!) பழனியிலும் சமயபுரத்திலும் நாம் மொட்டை போட்டு முடியைத்தானே கொடுக்கிறோம்? முடியை ஏற்றுக்கொள்ளும் சாமி தண்ணீருக்கா கோபித்துக்கொள்ளும்?

அடுத்து வெட்டும் கட்சி. அறிவு எங்கள் பக்கம்தான் என்று கத்தரிக்கோலோடு நிற்பவர்களிடம் எனக்குச் சங்கடம் உண்டு. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் சடை வளர்த்த துறவிகளிடம், குறிப்பாகப் பெண்களிடம் பேசி 1981-இல் 'மெதூசாவின் கூந்தல்' என்ற புத்தகம் எழுதினார். அந்தச் சடைகளுக்குப் பின்னால் இருந்தது ஒவ்வொருவருடைய சொந்தத் துக்கம். எங்கள் அப்பத்தாவின் சடையும் தாத்தாவின் சாவிலிருந்துதானே தொடங்கியது? மகாராஷ்டிராவில் நரேந்திர தபோல்கர் 1989-இல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பினர் இப்படிச் சடை விழுந்த பெண்களிடம் போய்ப் பேசி, சம்மதம் பெற்று வெட்டிவிடுகிறார்கள். பேசிச் சம்மதம் வாங்குவதுதான் இதில் பாதி வேலை. எங்கள் அப்பா அந்தப் பாதியைச் செய்யவே இல்லை. கோபித்துக்கொண்டு கத்துவார், அவ்வளவுதான்.

கடைசியில் என்ன நடந்தது? அப்பத்தாவுக்குக் காய்ச்சல் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு நர்ஸ் அக்கா, சடையைப் பார்த்து முகம் சுளிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "வெட்ட மாட்டேன் ஆத்தா. கழுவி மட்டும் விடட்டா?"

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையைக் குனிந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடியில் இரண்டு இடத்தில் புண் இருந்தது. சுத்தம் செய்து மருந்து போட்டார்கள். அதன்பிறகு அம்மா வாராவாரம் கழுவிவிட்டார், அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சடையோடுதான் அப்பத்தா கடைசிவரை இருந்தது. கொண்டை ஊசியை மட்டும் அதற்குப் பிறகு கையில் பார்க்கவில்லை.

ஏழெட்டு வருஷம் ஒரு வீடே சண்டை போட்டுத் தீர்க்காததை ஒரு கேள்வி தீர்த்தது. அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் வகுப்பில் ஸ்டைல் சடைக்காரர் இருக்கலாம். உங்கள் தெருவிலோ வீட்டிலோ அம்மன் சடைக்காரர் இருக்கலாம். வெட்டச் சொல்லியும் சண்டை போட வேண்டாம், கும்பிட்டு ஒதுங்கவும் வேண்டாம். "அரிக்குதா? தண்ணி காயவைக்கட்டா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.