கொல்கத்தா மைதானமும் பூமிபுத்திரர்களும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து எட்டு வருடம் ஆகிறது. இரண்டு கிளை, ஒரு மண்டல அலுவலகம் பார்த்தாயிற்று. இங்கே மதிய சாப்பாட்டு மேஜையில் இரண்டு விஷயங்களைத் தொடக்கூடாது. ஒன்று அரசியல், இன்னொன்று கால்பந்து. அரசியலைத் தொட்டால்கூட எப்படியோ சமாளித்துவிடலாம் :-) இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றி.

விவரம் தெரியாதவர்களுக்காக: இங்குள்ள கல்கத்தா லீக் 1898-ல் ஆரம்பித்தது. நடத்துவது ஐ.எஃப்.ஏ. பெயரில் 'இந்தியன்' இருந்தாலும் அது மேற்கு வங்கத்துக்கான சங்கம்தான். 2023-ல் லீகின் மேல்பிரிவில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே வேண்டாம் என்றார்கள். 2024-ல், களத்தில் இறங்கும் 11 பேரில் குறைந்தது நாலு பேராவது 'பூமிபுத்திரர்', அதாவது வங்காள மண்ணின் மைந்தராக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

அலுவலகத்தில் உடனே இரண்டு கட்சி. "நம்ம பையன்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று, இதுதான் சரி" என்று ஒரு கட்சி. "ஜெயிப்பதுதான் முக்கியம், யார் ஆடினால் என்ன" என்று மறுகட்சி. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு.

முதல் கட்சிக்கு ஒரு வார்த்தை. வெளியாட்கள் வந்துதான் வங்காளக் கால்பந்து கெட்டது என்பது வரலாறு தெரியாத பேச்சு. ஈஸ்ட் பெங்கால் 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்த அணியின் 'பஞ்ச பாண்டவர்'களான அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1957-ல் வந்த துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆடி ஓய்ந்த பிறகும் கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவிலேயே இருந்து 2023-ல் காலமானார். அவரை வெளியாள் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது வாய் வருமா?

இதைக் கேட்டதும் மறுகட்சி துள்ளும். "பார்த்தாயா, அப்போதே அப்படித்தான்!" கொஞ்சம் பொறுங்கள். பலராமை வளர்த்தது செகந்திராபாத். அகமது கானை வளர்த்தது பெங்களூர். செலவு அவர்கள் கணக்கில், வரவு நம் கணக்கில். அவர்களைக் கூட்டி வந்ததில் தப்பே இல்லை. ஆனால் கூட்டி வருவதையே தொழிலாக வைத்துக்கொண்டு, சொந்தமாக யாரையும் வளர்க்காத கிளப், வைப்புத்தொகையே திரட்டாமல் கடன் வாங்கிக் காலம் தள்ளும் வங்கி மாதிரி. எத்தனை நாள் ஓடும்?

2025 ஏப்ரல் 12 அன்று ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் பெங்களூருவை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் அடித்தவர்கள் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள், கம்மிங்ஸும் மெக்லாரனும். கேப்டன் சுபாசிஷ் போஸ் உள்ளூர்க்காரர். வெற்றி வெற்றிதான், நானும் கை தட்டினேன். ஆனால் அதற்கு நாலு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் வங்காளம் கேரளாவை 1-0 என்று தோற்கடித்து 33-வது முறையாக சந்தோஷ் கோப்பையை எடுத்தது. கோல் அடித்த ரபி ஹன்ஸ்தா பர்தமான் பக்கத்துக் கிராமத்துப் பையன். அந்தத் தொடரில் மட்டும் 12 கோல். ஆள் இல்லை என்று யார் சொன்னது?

சரி, சொந்தமாக வளர்த்தால் கோப்பை கிடைக்குமா? ஆஸ்திரேலியாவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அங்கே 13 பேர் ஆடும் ரக்பி லீகில், சிட்னியின் மேற்கு ஓரத்து பென்ரித் அணி 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நாலு முறை சாம்பியன். எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். பென்ரித்தின் பலம் தன் வட்டாரச் சிறுவர்களை வளர்த்தது. 2021 இறுதி ஆட்டத்தில் எதிரணியின் பாஸை இடைமறித்து ஓடி ட்ரை போட்ட ஸ்டீபன் கிரைட்டன் பிறந்தது சமோவாவில், வளர்ந்தது பென்ரித் அருகே மவுண்ட் ட்ரூயிட்டில். அங்கே அவர் உள்ளூர்ப் பையன்தான். 2023 முடிந்ததும் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார். 2024-லும் பென்ரித் ஜெயித்தது. அடுத்த பையன் தயாராக இருந்தான்.

இங்குதான் 'பூமிபுத்திரர்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. என் மகன் பிறந்தது மதுரையில். ஆறு வயதில் இங்கே வந்தான். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி முகாமில் வாரம் மூன்று நாள் சேற்றில் புரள்கிறான், கோச்சிடம் வங்காளத்தில் திட்டு வாங்குகிறான். அவன் எந்த பூமியின் புத்திரன்? பிறப்புச் சான்றிதழ் பார்ப்பதாக இருந்தால், வளர்க்காமலேயே கணக்குக் காட்டிவிடலாம். நாலு பேரை வெளிச் சந்தையில் பிடித்துப் போட்டால் முடிந்தது. ஒரு சிறுவனுக்குக்கூடப் பந்து வாங்கித் தர வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் யுஇஎஃப்ஏ வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. 25 பேர் பட்டியலில் 8 பேர் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று வருடம் அங்கே பயின்றிருந்தால் போதும், எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வியே கிடையாது. அந்த எட்டில் நாலு பேரை அந்தந்த கிளப்பே வளர்த்திருக்க வேண்டும். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு ஆட்டக்காரர் விலைக்குப் போனால் அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போகும். முதல் போட்டவனுக்கு வட்டி. பி.காம். படித்த எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஐ.எஃப்.ஏ. செய்ய வேண்டியது இதுதான். பிறந்த இடத்தை விட்டுவிட்டு பயிற்சி பெற்ற வருடங்களை எண்ணட்டும். நாலில் இரண்டு பேராவது அந்த கிளப்பின் சொந்த ஜூனியர் அணியிலிருந்து வரட்டும். பெரிய கிளப் ஒரு பையனை எடுத்துக்கொண்டால், அவனுக்குக் கால் பழக்கிய சின்ன முகாமுக்கு ஒரு தொகை கட்டாயமாகப் போகட்டும். பின்னால் இருக்கும் முகாமில் ஐம்பது பையன்களுக்கு ஆறு பந்து. அந்தக் காசு வந்து சேர வேண்டிய இடம் அது.

டிஸ்கி: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது இந்த ஊர் வழக்கம். நீ எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் சைவம்.