கம்ப்யூட்டருக்கு ஏன் மயக்கம் வருகிறது?

நங்கநல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்:

“என் பெண் கட்டடக் கலை கடைசி வருஷம் படிக்கிறாள். கடையில் தயாராக விற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், பாகங்களை வாங்கி நானே பூட்டிக் கொள்கிறேன் என்றாள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ரிச்சி தெருவுக்கு நாலு நடை நடந்து, 80,000 ரூபாய்க்குப் பாகம் பாகமாக வாங்கி வந்து, தானே உட்கார்ந்து பூட்டினாள். இரண்டு நாள் ஜோராக ஓடிற்று. மூன்றாம் நாளிலிருந்து விளக்கை அணைத்தாற்போல் பட்டென்று அணைந்து போகிறது. ‘அப்போதே சொன்னேன்’ என்கிறார் அவள் அப்பா. கடைக்காரரோ, ‘பவர் சப்ளை போதவில்லை, பெரிதாக ஒன்று போடுங்கள், 9,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். அடுத்த மாதம் அவள் வரைபடங்களைக் காலேஜில் கொடுத்தாக வேண்டும். சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அந்த 9,000 ரூபாயைக் கொடுத்துவிடலாமா?”

கொடுக்க வேண்டாம் என்று அன்றே பதில் போட்டேன். எப்போதுமே வேண்டாம் என்று அர்த்தமல்ல. காரணம் தெரிகிற வரையில் வேண்டாம். ஜுரம் என்று போனால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? எப்போது வருகிறது, காலையிலா, மாலையிலா, குளிருடன் வருகிறதா என்றுதானே? இதற்கும் அதே கேள்விதான். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தடவை அணையும்போதும் மூன்று விஷயங்களை எழுதி வைக்கச் சொன்னேன். மணி என்ன? பெண் அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தாள்? வீட்டில் அந்தச் சமயம் வேறு என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன? மூன்றாவதை அம்மாதான் எழுத வேண்டும். பெண்ணுக்குத் திரையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

நோட்டுப் புத்தகம் சொன்ன சேதிக்குப் போகுமுன், அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் போகும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சுவரில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்றாக அலைந்து வருகிற மின்சாரம். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கிற நுட்பமான பாகங்களுக்கு இது ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சிறு அளவில், அலையாத மின்சாரம். அப்படி மாற்றிக் கொடுப்பதுதான் பவர் சப்ளை, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். இது வெறுமே மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. “என் வோல்ட்டெல்லாம் சரியாக இருக்கிறது” என்று மதர்போர்டுக்கு ஒரு தனி ஒயர் மூலம் ஓயாமல் சைகை காட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சைகை நின்றதோ, அந்தக் கணமே வேலை நின்றுவிடும். சுவரிலிருந்து வருவது தடைப்பட்டால் எத்தனை நேரம் தாக்குப் பிடிக்கும் என்கிறீர்கள்? முழுச் சுமையில் ஏறக்குறைய ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. நாம் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

ஆகவே, கம்ப்யூட்டர் அணைந்தால் குற்றம் அதனுள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுவரிலிருந்து அதன் முதுகு வரையில் உள்ள ஸாக்கெட், பிளக், நீட்டு ஒயர், யு.பி.எஸ். எதிலும் இருக்கலாம். ஆனால் புதிதாகப் பூட்டிய யந்திரம் என்றால் எல்லோருடைய கண்ணும் பூட்டியவர்மேல்தான் போகும். பூட்டியவர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

நாலு நாள் கழித்து நோட்டுப் புத்தகத்தின் நகல் வந்தது. ஆறு தடவை அணைந்திருந்தது. கட்டுரை எழுதும்போதோ, சினிமா பார்க்கும்போதோ ஒரு தடவைகூட இல்லை. ஆறு தடவையும், வரைந்த கட்டடத்துக்கு வெயில், நிழல், வர்ணமெல்லாம் சேர்த்து முழுப் படமாக்கும் வேலை ஓடும்போதுதான். கம்ப்யூட்டருக்கு முதுகு ஒடிகிற வேலை அது. பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே சமயத்தில் மூச்சு முட்ட உழைக்கும். சூட்டினாலோ என்றால், பெண் கெட்டிக்காரி, அதையும் குறித்து வைத்திருந்தாள்: 74 டிகிரி. பிராஸஸர்கள் 95, 100 டிகிரி வரையில்கூடத் தாங்கும். அதை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பார்க்கும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். எனவே சூடு காரணமல்ல.

இனி அம்மாவின் பத்தி. “படுக்கையறை ஏ.ஸி. ஓடியது.” “மிக்ஸி போட்டேன்.” “ஏ.ஸி. மறுபடி ஓட ஆரம்பித்தது.” மூன்று தடவை இப்படி. நாலாம் நாள் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில்: “அணைவதற்கு முன் கீ... கீ... என்று சத்தம்.”

விஷயம் அந்தப் பென்சில் வரியில்தான் இருந்தது.

கீ கீ என்று கத்தியது கம்ப்யூட்டரல்ல, மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கியதையே இதற்கும் மாட்டியிருந்தார்கள். அதன் முதுகில் 600 வி.ஏ. என்று போட்டிருக்கிறது. 600 வாட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வி.ஏ. வேறு, வாட் வேறு. இந்த ரக யு.பி.எஸ். அனேகமாக 360 வாட்தான் கொடுக்கும். பழைய கம்ப்யூட்டர் 100 வாட்டில் காலம் தள்ளிவிட்டது. புதியதோ, கிராபிக்ஸ் கார்டுக்கு 200, பிராஸஸருக்கு 140, மற்றவற்றுக்கு 50, அதே யு.பி.எஸ்ஸில் மாட்டிய திரைக்கு 30. மாற்றுகையில் வீணாவதையும் சேர்த்தால் 450 வாட்டைத் தாண்டும். சுமை தாங்காமல் அது கத்திவிட்டுக் கையை விரித்துவிட்டது. ஏ.ஸி. கிளம்பும்போது வோல்ட்டேஜ் ஒரு கணம் சரியுமல்லவா? அப்போது யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறும். பாட்டரிக்கு வயது மூன்றாகிவிட்டது. அதற்கு இந்தச் சுமையைக் கத்தக்கூட அவகாசம் இருந்திராது.

இதில் கடைக்காரர் சொன்ன 9,000 ரூபாய் என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. பவர் சப்ளையைப் பெரிதாகப் போட்டால் கம்ப்யூட்டர் குறைவாகச் சாப்பிடாது. அதே 450 வாட்டைத்தான் சுவரிலிருந்து இழுக்கும், அதே யு.பி.எஸ். அதே மாதிரி கையை விரிக்கும். பெண் வாங்கியிருந்த 650 வாட் பவர் சப்ளை போதுமானதுதான். கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் குறிப்பேட்டில் ‘கர்னல் பவர் 41’ என்று விண்டோஸ் எழுதி வைத்திருந்ததைப் பெண் அவரிடம் காட்டியிருக்கிறாள். ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் பவர் சப்ளை என்று முடிவு கட்டிவிட்டார். அந்தக் குறிப்புக்கு அர்த்தம், “போன தடவை என்னை முறைப்படி மூடாமல் அணைத்துவிட்டார்கள்” என்பது மட்டுமே. யார் அணைத்தது, எதனால் அணைந்தது என்று அதற்கே தெரியாது.

யு.பி.எஸ்ஸை விலக்கி, நேரே சுவரில் மூன்று முனை ஸாக்கெட்டில் மாட்டச் சொன்னேன். ஏ.ஸி. ஓட, இஸ்திரிப் பெட்டி சுட, மூன்று மணி நேரம் படம் தயாராயிற்று, அணையவில்லை. இத்தோடு விட்டுவிடக்கூடாது. மறுபடி பழையபடி யு.பி.எஸ்ஸில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபது நிமிஷத்தில் அணைந்தது. இப்படி இரண்டு பக்கமும் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். ஆக, பெண் பூட்டியதில் ஒரு குறையும் இல்லை. இதை அப்பாவிடம் யார் சொல்வது என்பது அவர்கள் வீட்டு விஷயம்.

யு.பி.எஸ். இல்லாமலே வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் மின்சாரம் போனால் படமும் போகும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சேமித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குவதானால் பெட்டியில் வி.ஏ.யைப் பார்க்காமல் வாட் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடவே இருக்கட்டும். ‘சைன் வேவ்’ ரகமா என்றும் கேளுங்கள். மலிவான யு.பி.எஸ். பாட்டரியில் ஓடும்போது படிப்படியாக வெட்டிய அலையைத்தான் தரும். இக்காலத்துப் பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு.

எல்லா வீட்டிலும் யு.பி.எஸ்தான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். பொத்தானை அழுத்தி ஓரிரு விநாடியிலேயே அணைந்தால் பூட்டியதில்தான் பார்க்க வேண்டும். பிராஸஸருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் எட்டு முனை ஒயர் ஒன்று தனியாக உண்டு. அதை மறந்துவிடுவார்கள், அல்லது பாதி அழுத்தி விட்டுவிடுவார்கள். மதர்போர்டுக்கு அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் திருகுக்கால் நின்றால் ஷார்ட் ஆகும். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் ஓடி, சூடேறி அணைந்தால் கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், உரிக்காதவர்கள் அனேகம் பேர். வேலை செய்யாமல் சும்மா இருக்கையில் நாலு விநாடி கழித்து அணைந்துகொண்டே இருந்தால், முன்பக்கப் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருக்கும். பொத்தானை நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் அணைய வேண்டும் என்பதுதான் அதற்கு விதி.

பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இரண்டு காரியங்களை மட்டும் ஒருநாளும் செய்யக்கூடாது. பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள பவர் சப்ளையானால், அதனுடன் வந்த ஒயர்களைத் தவிர வேறு கம்பெனி ஒயரை அதில் செருகாதீர்கள். முனை அச்சாகப் பொருந்தும். உள்ளே வரிசை மாறியிருக்கும். ஒரு நொடியில் பாகங்கள் புகைந்துவிடும்.

கோவை நேயர் ஒருவருக்கு: உங்கள் பிள்ளையின் புதுக் கம்ப்யூட்டர் முதல் தடவை போட்டதும் திரை இருட்டாகவே இருந்து, தானாக இரண்டு மூன்று தடவை அணைந்து எரிந்தது என்கிறீர்கள். அதில் இருப்பது டி.டி.ஆர். 5 மெமரி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முதல் தடவை அது மதர்போர்டுடன் பழகிக்கொள்ளச் சில நிமிஷங்கள் பிடிக்கும். சில சமயம் பத்து நிமிஷம்கூட ஆகும். நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி காத்திருந்தும் திரை வராவிட்டால், மெமரி அட்டைகளைக் கழற்றி ஒன்றே ஒன்றை மட்டும் ‘டக்’கென்று சத்தம் கேட்கும்படி அழுத்திப் போட்டுப் பாருங்கள். எந்த ஓட்டையில் போடுவது என்று மதர்போர்டுப் புத்தகத்தில் படம் இருக்கும்.