கோபுரம் இல்லாத ஓடுபாதை

மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் சின்னக்கானலில் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யார் என்று தெரியாது. தேவிகுளத்திலிருந்து வரும் கேப் ரோட்டிலோ ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். சென்ற விடுமுறையில் அந்தப் பாதையில் ஜீப் ஒன்றில் முன்னிருக்கையில் அமர்ந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை நீட்டி அடித்தார். காது வலித்தது.

"எதிரே ஒன்றும் வரவில்லையே அண்ணே, எதற்கு இத்தனை ஹாரன்?" என்று கேட்டேன்.

"வரலைன்னு உனக்கு யாரு தம்பி சொன்னா?" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "எதிரே வர்றவனும் அடிக்கணும். அவன் அடிக்கலைன்னா வண்டி வரலைன்னு அர்த்தமில்லே. அவன் ஹாரன் கெட்டுக் கிடக்கலாம்" என்றார்.

நான் எழுத வந்தது ஜீப்பைப் பற்றியன்று; விமானத்தைப் பற்றி. 1924ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றின் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போன பிறகு ரயில் என்பதையே காணாத இடுக்கி மாவட்டத்தில் விமானம் ஏது என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்க வேண்டா. வண்டிப்பெரியாற்றுக்கு அருகே, புல்மேட்டு வழியாகச் சபரிமலைக்கு நடந்து செல்வோர் புறப்படும் சத்திரம் என்ற இடத்தில், தேசிய மாணவர் படைக்காக ஓர் ஓடுபாதை போடப்பட்டிருக்கிறது. நீளம் 650 மீட்டர். 2022ஆம் ஆண்டு ஜூலை மழையில் அதன் ஓரத்தில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அருகில் நின்ற மேடு தடையானதால் முதலில் இறங்க முயன்ற விமானம் இறங்காமலே திரும்பியது. பின்னர், அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இருவர் அமரும் சிறு பயிற்சி விமானம் அங்கே இறங்கியது. பெயர்தான் அச்சமூட்டுகிறது; மற்றபடி எளிய விமானம்.

அதில் ஏறிப் பயில வேண்டியவர்கள் யார்? நம்மைப் போன்ற மாணவர்கள். காலையில் காக்கி உடுத்தி அணிவகுத்துவிட்டு, அவசரமாக வகுப்புக்கு ஓடிவருகிறார்களே, அவர்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு. பேச வேண்டிய கடமையும் உண்டு.

இத்தகைய சிறு பயிற்சித் தளங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுப்புவது வழக்கமன்று. "இறங்கு", "பொறு", "புறப்படு" என்று கட்டளையிட ஆள் இருப்பதில்லை. இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் ஏறத்தாழ ஐயாயிரம். அவற்றுள் கோபுரம் உள்ளவை ஏறத்தாழ ஐந்நூறுதான். மீதியெல்லாம் நம் கேப் ரோடு போலத்தான். ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த ஹாரன் எப்படிப்பட்டது? தளத்துக்கென்று ஒரு பொது அலைவரிசை உண்டு. வருகின்ற விமானி பத்து மைல் தொலைவிலேயே வானொலியில் பேசத் தொடங்குகிறார். தளத்தின் பெயர், தம் விமானத்தின் பெயர், எங்கே இருக்கிறார், எந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறார் என்று கூறி, இறுதியில் தளத்தின் பெயரை மறுபடியும் சொல்கிறார். ஒரே அலைவரிசையைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வதால் பெயரை இருமுறை சொல்வது வழக்கம். பிறகு ஓடுபாதையை ஒட்டி, ஒரே உயரத்தில், ஒரே திசையில் எல்லாரும் வட்டமிட்டு வரிசையாக இறங்க வேண்டும். வேறு வகையில் குறிக்கப்படாவிட்டால் எப்போதும் இடப்பக்கமே திரும்புவர். இறங்க வரும் இருவருள் தாழ்ந்து பறப்பவருக்கு முன்னுரிமை. அதற்காக வேண்டுமென்றே தாழ்ந்து மற்றவரின் முன்னே புகுந்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம்மவர்க்கு அந்தக் கடைசி விதியின் அருமை நன்றாகவே விளங்கும்.

விதிகள் இவ்வளவே. இவை போதுமா? போதா என்பதை 14 உயிர்களைக் கொடுத்துக் கற்ற ஊர் ஒன்று உண்டு. இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகரம்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள். மாலை மங்கும் நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900 விமானம் பத்துப் பயணிகளுடனும் இரு விமானிகளுடனும் குயின்சியில் இறங்க வருகிறது. தளத்தில் இயங்கும் கோபுரம் இல்லை. அதன் விமானிகள் வரும் வழியெல்லாம் தாம் இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் இறங்குவது 13ஆம் எண் ஓடுபாதை. அதைக் குறுக்கே வெட்டும் 4ஆம் எண் ஓடுபாதையின் முனையில் கிங் ஏர் என்ற விமானம் புறப்பட நிற்கிறது. அதற்குப் பின்னால் செரோக்கி என்ற சிறு விமானம் தன் முறைக்குக் காத்திருக்கிறது.

வருகிறவர்கள் கேட்டார்கள்: நான்காம் எண் பாதையில் நிற்பவரே, நீங்கள் அங்கேயே நிற்கப் போகிறீர்களா, புறப்படப் போகிறீர்களா? கேள்வி கிங் ஏருக்கு. கிங் ஏர் பதில் கூறவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் விமானி, தாம் புறப்படக் காத்திருப்பதாகக் கூறினார். அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நொடியில், இறங்கும் விமானத்துக்குள் உயரத்தை அறிவிக்கும் எச்சரிக்கைக் குரல் குறுக்கிட்டது. பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்தது. கிங் ஏர்தான் நிற்பதாகக் கூறுகிறது என்று நம்பி, அதற்கு நன்றியும் கூறிவிட்டு, அவர்கள் இறங்கினார்கள். நம்பிக்கை தவறு என்று யாரும் திருத்தவில்லை. கிங் ஏர் ஓடத் தொடங்கியது. இரு பாதைகளும் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின. மோதலில் பிழைத்திருக்கக் கூடியவர்கள், கதவைத் திறக்க முடியாமல் புகையிலும் நெருப்பிலும் மாண்டார்கள். இரு விமானங்களிலும் இருந்த 14 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் அரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரு பெரிய விமானங்கள் வானிலே மோதி 349 பேர் இறந்தனர். அந்தப் பெருந்துயரில் மூழ்கியிருந்த நம் நாட்டில் குயின்சியை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

விசாரணை முடிவு கிங் ஏரில் இருந்தவர்கள் மீதே முதற்பழியைச் சுமத்தியது. அவர்கள் அலைவரிசையைச் செவ்வையாகக் கேட்கவில்லை; கண்ணாலும் பார்க்கவில்லை. செரோக்கியின் தடைப்பட்ட பேச்சும் துணைக் காரணம் ஆயிற்று. ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. வந்தவர்கள் குற்றவாளிகள் அல்லர். விதிப்படி பேசினார்கள், கேள்வியும் கேட்டார்கள், பதிலும் வந்தது. யாருடைய பதில் என்பதுதான் தெரியாமற்போயிற்று. ஜீப் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர், "ஒரு ஹாரன் கேட்டா அது எந்த வண்டின்னு பாக்கணும். ரெண்டாந்தரம் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். ஓடுகின்ற விமானத்துக்கு இரண்டாந்தரம் அடிக்க நேரம் ஏது என்று வாதாடினேன். "நேரமில்லேன்னா எறங்காம மேலே போயிட வேண்டியதுதானே?" என்றார். விமானிகளும் இதையேதான் படிக்கிறார்கள். ஐயம் வந்தால் இறங்காதே, மேலேறு, மறுபடியும் வட்டமிட்டு வா.

பேச்சு சரியாக இருந்தும் மோதியதுண்டு. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் வாட்சன்வில் என்ற கோபுரமற்ற தளத்தில், வட்டமிட்டுப் பயின்றுகொண்டிருந்த சிறு செஸ்னாவின் மேல், வட்டத்துக்கு வராமல் நேரே மிகுந்த வேகத்தோடு வந்த பெரிய செஸ்னா மோதியது. மூவர் மாண்டனர். இருவரும் வானொலியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மெல்லப் போகிறவனும் விரைந்து வருகிறவனும் ஒரே பாதைக்கு வந்தால், பேச்சைக் கேட்டு மனம் கணக்கிடுவதற்குள் தொலைவு தீர்ந்துவிடுகிறது.

"அப்படியானால் கோபுரமே கட்டிவிடலாமே!" என்பார்கள் சிலர். கட்டலாம், எனக்குப் பகை இல்லை. ஆனால் 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தெனரீப் தீவில் இரு பெரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோது அங்கே கோபுரம் இருந்தது. மூடுபனியும் இருந்தது. கோபுரமும் ஒரு விமானமும் ஒரே நொடியில் பேசியதால் இரு பேச்சும் ஒன்றையொன்று அழித்து, கீச்சொலியாய்ப் போயின. ஒரு அலைவரிசையில் ஒருவர்தான் பேச முடியும் என்ற இயற்கையைக் கோபுரம் மாற்றிவிடாது. சில மாணவர்கள் பயிலும் 650 மீட்டர் பாதைக்குக் கோபுரம் வரும் என்று காத்திருப்பதும் நடவாத காரியம்.

ஆகவே சத்திரத்தில் பயிற்சி விமானங்கள் அடிக்கடி எழுந்து இறங்கும் காலம் வருமுன், கோபுரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு என்பது என் கருத்து. எந்தப் பக்கம் வட்டமிடுவது என்பது மலையைப் பார்த்து முடிவு செய்யப்பட்டு, வெளியிடப்பட வேண்டும். இது உத்தரவாக ஒருவர் மேசையில் கிடந்தால் போதாது. அப்பக்கம் வரும் எல்லா விமானிகளுக்கும், சிறப்பாக ஹெலிகாப்டர் ஓட்டுவோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தரையில், கட்டளையிட அல்ல, கண்டதைச் சொல்ல, வானொலியோடு ஒருவர் இருக்க வேண்டும். இவ்வகை வானொலி நேர்க்கோட்டில் செல்வது; குன்றின் மறைவில் இருப்பவனுக்குக் கேட்காது. சமவெளியில் பத்து மைலில் பேசுவது போதும் என்றால், மலைநாட்டில் முகட்டைத் தாண்டியதும் மறுபடியும் பேச வேண்டும்.

இன்னொன்று, வானொலி இல்லாத விருந்தினர். சத்திரம் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டியது. 2023 ஏப்ரலில் எங்கள் ஊரின் அரிக்கொம்பனைப் பிடித்து லாரியில் ஏற்றி அந்தக் காப்பகத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டார்கள்! அவன் பிறகு அங்கிருந்து கம்பத்துக்கே இறங்கிப் போன கதை தமிழ்நாடே அறியும். யானை எங்கே நிற்கிறது என்று கைப்பேசியிலும் சிவப்பு விளக்கிலும் ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் உண்டு. அதனால் உயிர்கள் தப்பின. அதே ஏற்பாடு ஓடுபாதைக்கும் வேண்டும். அது வரும்வரை, இறங்குமுன் ஒருமுறை தாழப் பறந்து பாதையைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எந்த மொழியில் பேசுவது? தமிழ் மன்றத்து ஏட்டில் இதைச் சொல்லக் கூடாதுதான். பிரான்சில் சில சிறு தளங்களில் பிரெஞ்சில் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்று விதி உண்டு. தாய்மொழிப் பற்று போற்றத்தக்கதே. ஆனால் எங்கள் மலையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. மேலே போகிறவன் பஞ்சாபியாகவும் இருக்கலாம். அங்கே தமிழை வற்புறுத்த என் மனம் துணியவில்லை. எல்லாருக்கும் விளங்கும் சில ஆங்கிலச் சொற்களை எல்லாரும் ஒரே வகையில் சொல்லட்டும்.

அந்தச் சொற்களை மாணவனுக்கு எப்போது கற்பிப்பது? விமானத்தில் ஏறிய பிறகு அன்று. அணிவகுப்புத் திடலிலேயே, தரையில் சுண்ணாம்பால் ஓர் ஓடுபாதை வரைந்து, நான்கு பேரை நான்கு விமானங்களாக நடக்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தம் இடத்தை உரக்கச் சொல்லச் செய்யலாம். ஒருவனை மட்டும் வாய் திறவாதே என்று இரகசியமாகச் சொல்லிவைக்க வேண்டும். மற்ற மூவரும் அவன் இல்லையென்று எண்ணி நடக்கிறார்களா, இருக்கலாம் என்று எண்ணி நிற்கிறார்களா என்று பார்க்கலாம். இதற்கு விமானமும் வேண்டா, பணமும் வேண்டா. நம் கல்லூரித் திடலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்க்கலாம்.