கத்தி தேய்ந்தால் சாணை உண்டு, கைப்பேசி தேய்ந்தால்?



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய ஹேண்ட்போன்கள் எத்தனை கிடக்கின்றன? நாலைந்து இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஒன்று கண்ணாடி வெடித்தது. ஒன்று சார்ஜ் ஏறாதது. இன்னொன்று பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 'ஓடல'. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. "பழசாயிடுச்சி" என்பார்கள். வாங்கி எத்தனை வருஷம்? இரண்டரை வருஷம்!

இரண்டரை வருஷத்தில் ஒரு சாமான் பழசாகிவிடுகிறது என்றால், குற்றம் யாருடையது? சாமானுடையதா, வாங்கியவனுடையதா?

நம் பெரியவர்கள் பட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆடம்பரம். வருஷத்துக்கு ஒரு போன். அப்பன் குலை வெட்டுறான், மகன் போன் மாத்துறான்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. தீபாவளி முன்பணம் கைக்கு வந்த வாரம் டவுன் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று கண் வைத்த கேமரா வாங்கினால் நம் வீட்டுப் பையனுக்கு நான்கு கண் வேண்டும். கல்யாண வீட்டில் பழைய போனை வெளியே எடுக்கக் கூச்சப்படுகிற அக்காமாரும் உண்டு. ஆனால் இது பாதிக் கதைதான். மீதிப் பாதியைப் பேசாமல் தொழிலாளியை மட்டும் ஊதாரி என்று திட்டுவது, பால் குறைந்ததற்கு மரத்தைப் பார்க்காமல் வெட்டுகிறவனைத் திட்டுகிற மண்டோர் வேலை.

ஆடம்பரம் நம் இரத்தத்தில் ஊறிய குணம் என்றால், முந்தைய தலைமுறை எப்படி இருந்தது? பால்வெட்டுக் கத்தி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். தீட்டித் தீட்டி இரும்பு பாதியாகும் வரை அதே கத்திதான். ராலே சைக்கிள் ஒன்று வாங்கினால் அப்பா ஓட்டி, மகன் ஓட்டி, பிறகு தம்பி ஓட்டினான். டயர் போனால் டயர், செயின் போனால் செயின். டிரான்சிஸ்டர் ரேடியோவின் பேட்டரி தீர்ந்தால் தோட்டக் கடையில் புதுக் கட்டை வாங்கி, பின்மூடியைத் திறந்து போட்டுக்கொண்டார்கள். பேட்டரி தீர்ந்ததற்காக ரேடியோவைத் தூக்கிப் போட்டவன் லயத்தில் உண்டா? மனிதர்கள் அதே மனிதர்கள்தான். சாமான்தான் மாறிவிட்டது.

இன்றைய கைப்பேசியின் பேட்டரி லித்தியம் வகையைச் சேர்ந்தது. முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவதை ஒரு சுற்று என்று கணக்கிடுகிறார்கள். பல போன்களின் பேட்டரி சுமார் ஐந்நூறு சுற்றில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தினம் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருஷம். அதற்கும் மேலே வெயில்! 35 டிகிரிக்கு மேற்பட்ட சூடு இந்தப் பேட்டரிக்கு ஆகாது என்று தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மாள் அதை மோட்டார் கூடையில் போட்டு, செம்பனை நிரையோரம் வெயிலில் நிறுத்திவிட்டு, மத்தியானம் வரை குலை வெட்டுகிறான். குளிர்சாதன அறையில் மேசை மேல் கிடக்கிற போனும் இதுவும் ஒன்றாகவா மூப்படையும்?

சரி, பேட்டரிதானே, மாற்றிக்கொள்ளலாமே என்றால், மூடியை நகத்தால் திறந்த காலம் போய்விட்டது. இப்போது பசை போட்டு ஒட்டி வருகிறது. சூடு காட்டி, கண்ணாடி உடையாமல் பிரித்து, பேட்டரியை நெம்பி எடுக்க வேண்டும். கூலியும் பேட்டரியுமாகச் சேர்த்து நூறு வெள்ளிக்கு முன்பின் ஆகிவிடும். கடைக்காரர் கணக்குப் போடுகிறார். நூறு வெள்ளி வேலையை விட அறுநூறு வெள்ளி போனை விற்பது அவருக்கு லாபம். "இது மாத்தினாலும் ரொம்ப நாள் வராது அண்ணே, புதுசு எடுத்துக்குங்க" என்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம். ஏன் வராது என்று ஒருவராவது கேட்டோமா?

பேட்டரி பழசானால் போனையே மெதுவாக்குகிற வேலையும் நடந்திருக்கிறது. இது கட்டுக்கதை அல்ல. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமல் இருக்கவே மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்தோம் என்று காரணம் சொன்னது. காரணம் இருக்கட்டும், வாங்கியவனிடம் ஏன் சொல்லவில்லை? அதன் பிறகு மாற்று பேட்டரியின் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கினார்கள். இத்தாலி 2018-இல் ஆப்பிளுக்குப் பத்து மில்லியன் யூரோவும் சாம்சுங்குக்கு ஐந்து மில்லியன் யூரோவும் அபராதம் போட்டது. பிரான்ஸ் 2020-இல் ஆப்பிளிடம் 25 மில்லியன் யூரோ வாங்கியது. போன் மந்தமாகிவிட்டது என்று நம் வீட்டுப் பிள்ளை சொன்னபோது "சும்மா சாக்குச் சொல்றான்" என்று அதட்டிய தகப்பன்மார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. போனில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வெளியே உலகம் மாறிவிடுகிறது. நம் நாட்டில் 2021 கடைசியோடு 3ஜி சேவையை மூடினார்கள். அதுவரை 3ஜி போன் வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் பேச்சு மட்டும் 2ஜியில் கிடைத்தது; இணையம் செத்துப்போனது. போன் உடையவில்லை, கெடவில்லை, ஆனால் வாட்சாப் இல்லை. வேகமான 4ஜிக்கு இடம் கொடுக்கத்தான் மூடினார்கள், அது நாட்டுக்கு நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த நன்மைக்கான செலவில் ஒரு பங்கை, பழைய போன் வைத்திருந்த ஏழைதானே கட்டினான்?

அதற்கு முந்தைய வருஷம் என்ன ஆனது? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் ஒரு போன். மூத்தவளுக்குக் காலையில் பாடம், இளையவனுக்கும் அதே நேரத்தில் பாடம். தாலிக்கொடியை அடகு வைத்துப் போன் வாங்கிய தாய்மாரை 'ஆடம்பரம்' என்று யார் சொல்ல முடியும்? கடைக்குள் நுழையவும் மைசெஜாத்ரா கேட்டார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை. அன்று அவசரத்தில் வாங்கிய மலிவுப் போன்கள்தான் அலமாரிகளில் இப்போது அதிகம் கிடக்கின்றன.

மலிவுப் போனுக்கு இன்னொரு நோயும் உண்டு. வாங்கிய இரண்டு மூன்று வருஷத்தில் தயாரித்த நிறுவனம் அதற்குப் புது மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று போகும். முதலில் வங்கிச் செயலி வேலை செய்யாது, அப்புறம் வாட்சாப். ஆண்ட்ராய்டு நான்காம் வகைப் போன்களில் இப்போது வாட்சாப் கிடையாது. இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பாதுகாப்பு நின்றுபோன போனை வங்கிக் கணக்கோடு வைத்திருப்பது ஆபத்து. கல்யாணப் பத்திரிகை என்று வாட்சாப்பில் ஒரு கோப்பு வரும். அமுக்கினால் கணக்கில் இருக்கிற காசு பறந்துவிடும். (அப்படி நடந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது.) ஆகவே எந்தப் போனையும் பத்து வருஷம் வைத்திரு என்று நான் சொல்ல வரவில்லை. விலை உயர்ந்த போன்களில் சிலவற்றுக்கு, கூகுள் 2023-இலும் சாம்சுங் 2024-இலும் ஏழு வருஷம் மென்பொருள் தருவதாக அறிவித்தன. பணக்காரன் போனுக்கு ஏழு வருஷ ஆயுள், ஏழை போனுக்கு இரண்டு மூன்று! இது என்ன கணக்கு?

கணக்கு என்றதும் நம் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எழுநூறு வெள்ளி போன். இரண்டு வருஷத்துக்கு ஒன்று மாற்றினால் பன்னிரண்டு வருஷத்தில் ஆறு போன், 4,200 வெள்ளி. நாலு வருஷம் வைத்திருந்து, நடுவில் ஒருமுறை நூறு வெள்ளிக்குப் பேட்டரி மாற்றினால் மூன்று போன், மூன்று பேட்டரி, 2,400 வெள்ளி. மிச்சம் 1,800. வீட்டில் நாலு பேர் என்றால் 7,200 வெள்ளி. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல் அந்த அலமாரித் தட்டில் கிடக்கிறது என்று பொருள்.

ரொக்கத்துக்கு வாங்கினால் இந்தக் கணக்கு. தவணைக்கு வாங்கினால்? "முன்பணம் வேண்டாம், அடையாளக் கார்டு மட்டும் போதும்" என்று பலகை தொங்குகிறது. தொள்ளாயிரம் வெள்ளி போனை மாதம் 95 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 1,140. இதைப் பார்க்கும்போது பழைய தோட்டக் கடைக் கடன் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. சம்பளத் தேதிக்கு முன்பே சம்பளம் கடைக்காரன் பெட்டிக்குள் போய்விடும். மறுபடி கடன், மறுபடி புத்தகம். இப்போது புத்தகம் போனுக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சிலர் தவணை முடிவதற்குள் போன் முடிந்துபோய், செத்த போனுக்கும் உயிரோடிருக்கிற போனுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 2025-இல் நாடாளுமன்றத்தில் நுகர்வோர் கடன் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் மொத்தம் எவ்வளவு என்று கேட்கிற வாய் நம்முடையதாக இருக்க வேண்டும்.

சட்டம் ஒன்றும் நமக்கு அடியோடு இல்லாமல் போகவில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற சாமானுக்கு நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. விற்கும்போதே 'கிடைக்காது' என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ள ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப் போடலாம், ஐம்பதாயிரம் வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். நம்மவர் ரசீதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள்! 'நியாயமான காலம்' என்றால் எத்தனை வருஷம் என்று சட்டம் ஓர் எண் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சொல்லிவிட்டார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கிற கைப்பேசியின் பேட்டரி எண்ணூறு சுற்றுக்குப் பிறகும் எண்பது விழுக்காடு தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். ஐந்து வருஷம் மென்பொருள் வர வேண்டும். ஐரோப்பியனுக்குச் செய்ய முடிகிறதை மலேசியனுக்குச் செய்ய என்ன தடை? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கும்போது இதையும் காதில் போட்டு வையுங்கள்.

தூக்கிப்போட்ட போன் எங்கே போகிறது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் 2022-இல் மட்டும் 62 மில்லியன் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. முறையாகச் சேகரித்துப் பிரித்தது அதில் கால்பங்கு கூட இல்லை. வெளிநாட்டுக் குப்பை நம் துறைமுகங்களிலும் வந்து இறங்குகிறது. வீட்டுப் பழசுகளையாவது லயத்துக்குப் பின்னால் குப்பையோடு கொளுத்தாதீர்கள். உப்பிய பேட்டரி வெடிக்கும். பிள்ளைகள் சுற்றி நிற்கிற இடம்.

இனி முக்கியமான விஷயம். முன்பு பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை சொல்வார். இப்போது பல தோட்டங்களில் எந்த நிரைக்குப் போவது, மழை என்றால் வேலை உண்டா இல்லையா, நாளைக்கு லாரி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வாட்சாப் குழுவில் வருகிறது. வெட்டிய குலையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிற இடமும் உண்டு. போன் இல்லாதவன் அல்லது போன் செத்தவன் அன்றைக்குப் பெரட்டைத் தவறவிட்டவன் மாதிரி. கூட வேலை செய்கிற இந்தோனேசியத் தோழனுக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இதே கதிதான். அவர்களுக்கு ஊரில் இருக்கிற பிள்ளை முகமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. அப்படியென்றால் கைப்பேசி இன்று அரிவாள் மாதிரி, சாக்கு மாதிரி, ஒரு வேலைச் சாமான். வேலைச் சாமான் தேய்ந்தால் அதன் செலவு யாருடையது?

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகிற தொழிற்சங்கத் தலைவர்கள் இதை மேசை மேல் வைக்க வேண்டும். தொழிலாளிக்கெல்லாம் புதுப் போன் வாங்கிக் கொடு என்று கேட்கச் சொல்லவில்லை. வேலைக்காகப் போனைப் பயன்படுத்தச் சொல்கிற நிர்வாகம் மாதம் டாப்-அப்புக்கு ஒரு தொகையும், இரண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரிக் காசும் தரட்டும். போன் இல்லாதவனுக்கு வேலை விவரத்தைப் பலகையில் எழுதி ஒட்டட்டும். போன் சத்தம் கேட்காததால் வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். "எல்லாரிடமும்தான் போன் இருக்கிறதே" என்று நிர்வாகம் பதில் சொல்லும். இருக்கிறதுதான். அது எத்தனாவது போன், எந்தக் கடையில் எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதை ஒவ்வொரு லயத்திலும் எழுதிச் சேகரித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பேச்சுக்குப் போகிறவர் கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.