துடைப்பதற்கு முன் கால்வாயை அடைத்துவிடுங்கள்

டீசல் கொட்டிவிட்டால் நம் ஆட்களின் கை முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடுகிறது. சோப்புத்தூள் தூவித் தேய்த்துக் கழுவினால் ஸ்டோர் தரை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் டீசல் ஒழிந்துவிடவில்லை. மிதந்துகொண்டிருந்தால் வழித்தெடுத்திருக்கலாம், சோப்பு அதை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்து கால்வாயில் இறக்கிவிட்டது. நம் சுங்கை காடுட்டில் தொழிற்பேட்டையும் செம்பனைத் தோட்டமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இங்கே கால்வாயில் இறங்குவது லிங்கி ஆற்றை நோக்கித்தான் ஓடும்.

தண்ணீரில் இறங்கிய ரசாயனத்தைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 2019இல் பாசிர் கூடாங்கில் பார்த்தோம். மார்ச் 7ஆம் தேதி கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட கழிவின் நெடி பள்ளிப் பிள்ளைகளைச் சாய்த்தது. கழிவு முழுவதும் அகற்றப்படாத நிலையில் 11ஆம் தேதி மறுபடியும் ஆட்கள் மயங்கினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது திருட்டுத்தனமாகக் கொட்டியது, நம்முடையது கைதவறிக் கொட்டுவது. ஆற்றுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே வரிசை மாறக்கூடாது. ஆட்களைக் காற்று வரும் பக்கமாக விலக்குங்கள். பெட்ரோல் என்றால் பக்கத்தில் எந்த எஞ்சினையும் முடுக்க வேண்டாம், சுவிட்சையும் தொட வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் கால்வாயிலும் தங்கிக் காத்திருக்கும். ஆபத்தில்லாமல் முடிந்தால் மட்டும் வால்வை மூடுங்கள், சாய்ந்த டிரம்மை நிமிர்த்துங்கள். அடுத்து கால்வாய் வாய்க்கு மணல் மூட்டை. தரையில் தேங்கியதைத் துடைப்பது அதற்குப் பிறகுதான். என்ன ரசாயனம் என்று தெரியவில்லையா? யாரும் கிட்டே போகாமல் 999ஐ அழையுங்கள். மணல் மூட்டை ஆபீஸ் பின்கட்டில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. கால்வாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மரத்தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலுக்கு அது நல்லதே. எல்லாவற்றுக்கும் அதையே அள்ளிப் போடுவதுதான் கெடுதி. நைட்ரேட் உரத்தோடு மரத்தூள் சேர்ந்தால் தீக்கு வழி. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலத்துக்கு மணலால் கரை கட்டி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நுரைத்துத் தெறிக்கும்.

அள்ளிய மண்ணைச் செம்பனை அடியில் புதைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆபத்தான கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது எஸ்டபிள்யூ 408 வகைக் கழிவு. மூடிய டிரம்மில், லேபிளோடு, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவர்களிடம் போக வேண்டும். அதை ஏற்று அழிக்கும் புக்கிட் நானாஸ் ஆலை நம் நெகிரி செம்பிலானிலேயே இருக்கிறது. தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளின் ஆறாவது பகுதியில் கசிவுக்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கிறது. சட்டம் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறது. ஆனால் டிரம்மை உருட்டுபவர் வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம், மருந்து கலக்குபவர் தமிழ் மட்டும் படித்த அக்காவாக இருக்கலாம். அந்த ஒரு பகுதியையாவது அவரவர் மொழியில் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டுங்கள். கசிவை முதலில் பார்ப்பவர் மண்டோரையோ மேனேஜரையோ கேட்டுக்கொண்டு நிற்காமல் வேலையை நிறுத்தலாம் என்பதையும், அதற்காக யாரும் அவரைத் திட்டமாட்டார்கள் என்பதையும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.