மூலிகை காட்டுடையது, மூலக்கூறு யாருடையது?

புது தில்லி: மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மூலிகையை வணிகத்துக்கு எடுப்பவர், அதைக் காத்து வரும் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். அந்த மூலிகையிலிருந்து ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்படும் வேதிப்பொருளுக்கும் இது பொருந்துமா? இக்கேள்விக்கு, 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திரும்பப் பெற்றிருக்கிறது.

புணே நகருக்கு இது நெருக்கமான கேள்வி. 1950 ஜனவரியில் நேரு திறந்துவைத்த தேசிய வேதியியல் ஆய்வகம் அங்கு உள்ளது. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். தாவர நிறமிகளான ஃபிளேவோன்களை உருவாக்க உதவும் ஒரு வேதிவினை இன்றும் பாடநூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது. அதே ஆய்வகத்தினர் பிற்காலத்தில் வேப்பெண்ணெயிலுள்ள லிமனாய்டுகளைத் தனித்தனியே பிரித்து அடையாளம் கண்டனர். தாவர ஆய்வில் பெயர் பெற்ற அகர்கர் ஆய்வு நிறுவனமும் புணேயில்தான் இயங்குகிறது.

பிரித்தெடுப்பது எப்படி?

இலை, பட்டை அல்லது வேரை உலர்த்திப் பொடியாக்கி, மெத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்துச் சாற்றை எடுக்கின்றனர். நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த அச்சாறு, வண்ணப்பிரிகை முறையில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் பகுதி நோய்க்கு எதிராகச் செயல்படுகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கின்றனர். இறுதியில் தூய நிலையில் கிடைக்கும் பொருளின் எடையை நிறைநிறமாலைக் கருவியும், அணுக்களின் அமைப்பை அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் கருவியும் காட்டுகின்றன. அமைப்பு தெரிந்துவிட்டால், சில பொருள்களைத் தாவரமே இல்லாமல் ஆய்வகத்தில் தயாரிக்கலாம். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

ஒரு மரத்தின் கதை

மகாராஷ்டிரத்தின் மலைச்சரிவுகளில் "நரக்யா" என்று மராத்தியில் அழைக்கப்படும் சிறு மரம் வளர்கிறது. கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளை 1966-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வால், வாணி குழுவினர் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். அதே பொருள் நரக்யாவில் இருப்பதை 1972-ல் வெளியிட்டவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து மும்பை சீபா ஆய்வு மையத்துக்குச் சென்ற வேதியியலாளர்.

இப்பொருளின் அடிப்படையில் உருவான டோபோடெகன், இரினோடெகன் ஆகிய மருந்துகளுக்கு 1996-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கருப்பைச் சினையகப் புற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் அவை உலகெங்கும் தரப்படுகின்றன. மூலப்பொருளுக்கான தேவை பெருகியபோது நரக்யா மரங்கள் வெட்டப்பட்டுச் சில்லுகளாக ஏற்றுமதியாயின. மரம் இன்று அழிவின் அச்சுறுத்தலில் இருக்கிறது. வெட்டியவருக்குக் கிடைத்தது விறகை விடச் சற்றுக் கூடுதலான விலை மட்டுமே.

சட்டம் சொல்வது என்ன?

திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. அதைத் தமது தலைமையிலான நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் கூட்டுக் குழுவுக்கு அனுப்பியதை ஜெய்ராம் ரமேஷ் ஆட்சேபித்தார். சஞ்சய் ஜெய்ஸ்வால் தலைமையிலான கூட்டுக் குழு 2022 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. மணிப்பூர் விவகாரத்தில் அவை அமளியில் இருந்த 2023 ஜூலை 25-ல் மக்களவையும், ஆகஸ்ட் 1-ல் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. 2024 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமலில் உள்ளது.

அதில் வரவேற்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. "வழிப்பொருள்" என்ற சொல்லைப் புகுத்தி, உயிரினத்தில் இயற்கையாக அமைந்த வேதிப்பொருளும் உயிரி வளமே என்று சட்டம் தெளிவாக்கிவிட்டது. இனி, "நாங்கள் எடுத்தது மரத்தை அல்ல, மூலக்கூறை" என்று ஒரு நிறுவனம் வாதிட முடியாது.

ஆனால், நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவுக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் உள்நாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மீறுவோருக்கு இருந்த 5 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாகியுள்ளது. உள்நாட்டு நிறுவனமும் பங்கு தர வேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் அளித்த தீர்ப்பின் வலிமை இதனால் குறைந்துவிட்டது.

அரசின் வாதத்தைப் புறந்தள்ளவும் இயலாது. ஆய்வும் காப்புரிமையும் அனுமதிக் கோப்புகளில் முடங்கக் கூடாது. மூலிகைச் சாகுபடி பெருகினால் காட்டின் மீதான அழுத்தம் குறையும் என்பது நியாயமே. கேள்வி, பயிரிட்டது எது, காட்டில் வெட்டியது எது என்று சொல்லப் போவது யார் என்பதுதான். அந்தச் சான்றை ஊராட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழு அளிக்க வேண்டும். 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு சென்ற பிறகே இக்குழுக்களில் பெரும்பாலானவை அவசரமாக அமைக்கப்பட்டன. புணேயில் பிறந்த சூழலியலாளர் மாதவ் காட்கில் வலியுறுத்திய மக்கள் பதிவேடுகள் பல ஊர்களில் காகிதத்தோடு நின்றுவிட்டன.

முன்மாதிரி உண்டு

இச்சட்டம் வருவதற்கு முன்பே வழிகாட்டிய நிகழ்வு தெற்கே உள்ளது. அகத்திய மலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கிய கேரள ஆய்வு நிறுவனம், 1995-ல் அதை கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கியது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அவர்களது அறிவு எந்த நூலிலும் பதிவானதல்ல. யார் சொன்னார்கள், எந்த மலையில் கிடைத்தது என்பது தெரிந்திருந்ததால்தான் பங்கு சாத்தியமாயிற்று.

எனவே மூலக்கூறுடன் அதன் பிறப்பிடமும் பயணிக்க வேண்டும். காப்புரிமை விண்ணப்பத்தில் உயிரிப் பொருளின் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் ஏற்கெனவே கூறுகிறது. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் ஒப்பந்தமும் அதையே வலியுறுத்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையம், சாகுபடிச் சான்றுகளைப் பொதுப் பார்வைக்கு வைத்து, திடீர் ஆய்வுகளுக்கும் உட்படுத்தலாம். அவையில் வைக்கப்படும் விதிகளில் இதற்கான திருத்தத்தைக் கோரும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. அமளியில் நிறைவேறிய சட்டத்தை நிதானமாகச் சீர்செய்ய அந்த வாய்ப்பையாவது அவர்கள் பயன்படுத்த வேண்டும். மரத்தைக் காப்பவருக்கு வருவாய் இல்லையெனில், அடுத்த மருந்தைத் தேடி விஞ்ஞானிகள் மலையேறும்போது அங்கே மரம் இருக்காது.